விருப்பத்தை அளக்கும் 60 கேள்விகள்

சமையலறை அலமாரி செய்வது பிடிக்குமா? டைல்ஸ் பதிப்பது? புது மருந்து கண்டுபிடிப்பது? நாடகம் எழுதுவது? அமெரிக்கத் தொழிலாளர் துறை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் தொழில் ஆர்வ வினாத்தாளில் இப்படி 60 வேலைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 'கொஞ்சமும் பிடிக்காது' தொடங்கி 'மிகவும் பிடிக்கும்' வரை ஐந்து விடைகள். அதற்கான படிப்பு இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்லச் சொல்கிறார்கள். முடிவில் கைவேலை, ஆய்வு, கலை, மக்கள் சேவை, தொழில்முனைப்பு, ஒழுங்குமுறை வேலை என்ற ஆறு நாட்டங்களுக்கும் தலா 40க்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும். இந்த வகைப்பாட்டுக்கு வேர், அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் வெளியிட்ட கோட்பாடு. அதற்கும் முன்பே, 1927இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஸ்ட்ராங் இன்னொரு வழி கண்டிருந்தார். "நீ வழக்கறிஞர் ஆவாயா" என்று கேட்பதைவிட, ஒரு மாணவரின் விருப்பு வெறுப்புகள் ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருப்பவர்களுடையதோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது அவர் முறை.

கருவி நல்ல கருவிதான். அதைப் படிக்கும் விதத்தில்தான் பிழை நேர்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு மாணவிக்கு ஆய்வு 31, சேவை 30, கலை 29 என்று வருகிறது. இன்னொருவருக்கு ஆய்வு 36, அடுத்தது 17. இருவரையுமே 'ஆய்வு நாட்டம்' என்று சொல்லிவிடலாம். ஆனால் முதல் மாணவி அடுத்த வாரம் இரண்டு கேள்விக்குப் பதிலை மாற்றினாலே வரிசை தலைகீழாகிவிடும், இரண்டாமவருக்கு ஆகாது. ஆகவே பெயரை விட்டுவிட்டு எண்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும் என்பேன். ஆறு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தால் அதுவும் ஒரு செய்தி: பல துறைகளிலும் உண்மையான ஈடுபாடு இருக்கலாம், அல்லது வேலைகளை நேரில் பார்த்த அனுபவமே குறைவாக இருக்கலாம். இரண்டாவதற்கு மருந்து இன்னொரு வினாத்தாள் இல்லை. நாலு வேலையிடங்களுக்குப் போய்ப் பார்ப்பதுதான். மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனையின் குறையும் எண்களின் தூரத்தை விட்டுவிட்டுப் பெயர் சூட்டுவதுதான். பெரும்பாலோருடைய மதிப்பெண் நடுவில் குவிந்திருக்க, அது நடுவிலேயே கோடு கிழித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கிறது.

இதெல்லாம் ஜோசியம் போலத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1948இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு குணவிவரம் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு அவர்கள் சராசரியாக 5க்கு 4.26 போட்டார்கள். எல்லோருக்கும் தரப்பட்டது ஒரே தாள். பெரும்பகுதி ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. 'என்னை அப்படியே சொல்லிவிட்டது' என்ற பரவசம் எதற்கும் சான்றாகாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. ஆர்வ வினாத்தாள்களுக்குச் சான்று வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்ட்ராங் தம் கல்லூரி மாணவர்களை 18 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார். அவர்கள் நிலைத்திருந்த தொழில்களுக்கும் பழைய விடைகளுக்கும் தெளிவான தொடர்பு இருந்தது. நாட்டங்களின் நிலைத்தன்மை 18 வயது முதல் 22 வயதுக்குள் வெகுவாகக் கூடுகிறது என்று 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வும் காட்டியது. கல்லூரிப் பருவத்தில் அளப்பதற்கு இது போதிய காரணம்.

என்னைக் கவலைப்பட வைக்கும் ஆட்சேபம் வேறு. உளியைத் தொடவே விடாமல் வளர்க்கப்பட்ட பெண் அலமாரிக் கேள்விக்கு 'பிடிக்காது' என்றால், அது அவள் விருப்பமா, அவளுக்குக் கிடைக்காத வாய்ப்பா? வினாத்தாளுக்கு அது தெரியாது. எனவே குறைந்த மதிப்பெண்ணைக் காட்டி எந்தக் கதவையும் மூடக் கூடாது, "இதை எப்போதாவது செய்து பார்த்திருக்கிறாயா?" என்று ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். நாட்டம் வேறு, திறமை வேறு என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

கட்-ஆஃப் பார்த்து ஏதோ ஒரு துறையில் சேர்ந்துவிட்டவருக்கு இனி இது எதற்கு என்றும் கேட்கலாம். ஒரு துறைக்குள் ஒரே வேலை மட்டும் இல்லையே. மெக்கானிக்கல் படிப்பவருக்குச் சேவை நாட்டம் ஓங்கியிருந்தால் தொழிற்சாலைப் பாதுகாப்பும் புதியவர்களுக்குப் பயிற்சி தருவதும் இருக்கின்றன. ஒழுங்குமுறை ஓங்கியிருந்தால் தரக்கட்டுப்பாடும் உற்பத்தித் திட்டமிடலும். முதலாண்டிலேயே இது தெரிந்தால், எந்த இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிப்பது என்று முடிவெடுக்க மூன்று கோடை விடுமுறைகள் கையில் இருக்கும்.