இன்ஜின் இல்லாத விமானம் எப்படி மேல ஏறுது?

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான்: இன்ஜினே இல்லாத விமானம் மணிக்கணக்கா எப்படி வானத்துல இருக்கு?

இதைத் தேடி நான் போன இடம், ஜெர்மனியில 950 மீட்டர் உயரமான வாசர்குப்பே மலை. கிளைடர்களுக்குன்னே அங்க ஒரு மியூசியம் இருக்கு. பழைய கிளைடர்களைக் கிட்ட நின்னு பார்த்தா, மரச்சட்டமும் துணியும்தான்.

ஏன் அந்த மலை? முதல் உலகப் போர்ல தோத்த ஜெர்மனி விமானப்படை வெச்சுக்கக் கூடாதுன்னு வெர்சாய் ஒப்பந்தம் சொல்லிடுச்சு. விமானத் தயாரிப்புக்கும் தடை. கிளைடருக்கு வழி இருந்துச்சு. 1920-ல் இளைஞர்கள் தாங்களே செஞ்ச கிளைடர்களோட இங்க போட்டிக்குக் கூடினாங்க.

இப்போ விஷயத்துக்கு வருவோம். கிளைடர் எப்பவும் இறங்கிட்டேதான் இருக்கும். உயரம்தான் அதோட பெட்ரோல். இன்றைய நல்ல கிளைடர் 1 கிலோமீட்டர் உயரத்தைச் செலவு பண்ணி சுமார் 50 கிலோமீட்டர் போகும். நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாத்தான் இறங்கும். மேல போற எஸ்கலேட்டர்ல மெதுவா கீழ நோக்கி நடங்க. நீங்க மேலதான போவீங்க? அதே கணக்குதான். சுத்தி இருக்கிற காற்று நொடிக்கு 2 மீட்டர் ஏறினா, கிளைடரும் ஏறும்.

அந்த எஸ்கலேட்டர் எங்க கிடைக்கும்? முதல் இடம் மலைச்சரிவு. காற்று சரிவுல மோதி மேல எழும். 1922-ல் ஹானோவர் மாணவர்கள் குழுவோட ‘வாம்பயர்’ கிளைடர்ல ஆர்தர் மார்ட்டன்ஸ் இங்க ஒரு மணி நேரத்துக்கும் மேல பறந்தார். இரண்டாவது, வெயில்ல சூடான தரையில இருந்து கிளம்புற வெப்பக்காற்று. பருந்து சிறகடிக்காம வட்டமடிக்கிறது இதுலதான். இது கண்ணுக்குத் தெரியாது. அதனால வேரியோமீட்டர்னு ஒரு கருவி வந்துச்சு. காற்றழுத்தம் மாறுறதை வெச்சு, ஏறுறோமா இறங்குறோமான்னு அது காட்டும்.

ஆனா ஒரு விதி உண்டு. உயரத்துக்கு ஆசைப்பட்டு வேகத்தை விட்டுடக் கூடாது. கிளைடர் முன்னோடி ஓட்டோ லிலியந்தால் சுமார் 2,000 தடவை பறந்தவர். 1896-ல் அவரோட கிளைடர் மூக்கு தூக்கி, வேகம் போய், சுமார் 15 மீட்டர்ல இருந்து விழுந்துச்சு. மறுநாள் இறந்துட்டார்.

லேண்டிங்கும் அப்படித்தான். இன்ஜின் விமானம் சரியா வரலைன்னா மறுபடி மேல ஏறிச் சுத்தி வரலாம். கிளைடருக்கு ஒரே சான்ஸ். அதனால பைலட் எவ்வளவு உயரத்துல இருந்தாலும், எட்டுற தூரத்துல இறங்க ஒரு இடத்தைப் பார்த்து வெச்சுட்டேதான் பறப்பார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!