காயல் துறைக் குதிரைகள் – 9
ஓரப் பல் விழும் வரை

கப்பலிலிருந்து இறங்கிய குதிரைகளைப் பழையகாயல் மணலில் நிறுத்திவிட்டுச் சென்ற வாரம் விடைபெற்றோம். மார்கோ போலோ கண்ட காயல் இதுவே என்று கால்டுவெல் நிறுவிய வரலாற்றை மீண்டும் சொல்லத் தேவையில்லை. நெடுந்தூரக் குதிரைப் பந்தயங்களில் குதிரைக்கு விதித்திருக்கும் வயது வரம்பை இவ்வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். எழுதத்தான் போகிறேன், ஆயினும் வஸ்ஸாஃப் என்னும் பாரசீகச் சரித்திராசிரியர் விட்டுச்சென்ற செய்தி ஒன்று நான்கு நாட்களாக என்னை உறங்கவிடாமல் செய்திருப்பதால், அதை இறக்கி வைத்தபின்பே மேலே செல்ல மனம் இசைகிறது.

கிஷ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீனின் குதிரைகளில் 1,400 ஆண்டுதோறும் பாண்டிநாட்டுத் துறைகளுக்கு வந்து சேரவேண்டும் என்றும், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார் விலை என்றும், வழியில் மாண்டுபோன குதிரைக்கும் அரசனின் பொக்கிஷமே விலை கொடுத்துவிடும் என்றும் அவர் எழுதுகிறார். வாசகரே, அதன் பின்னர் வருவதைக் கேளுங்கள். அத்தனை பொன் கொடுத்து வாங்கிய அந்த ஜீவன்களை லாயத்தில் முளையடித்துக் கயிற்றால் பிணைத்து, வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்டுச் சமைத்த தானியமும் தின்னக் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கவைத்து, உடம்பு பருக்கட்டுமென்று 40 நாட்கள் கட்டியே வைத்திருந்தார்களாம். நாற்பத்தோராம் நாள், யாதொரு பயிற்சியும் இன்றி, அங்கவடி முதலிய சாதனங்களும் இன்றி, வீரர்கள் ஏறிப் பேய்போல் விரட்டினார்களாம். காற்றாய் வந்த குதிரைகள் சில நாட்களில் தள்ளாடும் சவங்களாயின. கொழுப்பைப் பலமென்று எண்ணிவிட்டார்கள்! ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கும் அரசனிடம் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், குதிரை வைத்தியம் அறிந்தவர் இந்நாட்டில் இல்லை என்றும் மார்கோ போலோவும் எழுதியிருப்பதால், வஸ்ஸாஃபின் கூற்றை அயலான் ஒருவனின் மிகையென்று என்னால் தள்ள இயலவில்லை. (அதே போலோ, காயல் மக்கள் ஓயாமல் ஓர் இலையை வாயிலிட்டு மெல்லுவதையும் கண்டு வியந்திருக்கிறார். கொடிக்கால்கள் சூழ்ந்த ஆத்தூரில் அமர்ந்து அந்த வரியைப் படிக்கும் இன்பம் தனி.)

இறந்த குதிரைக்கும் பொக்கிஷம் பணம் கொடுக்கும் என்றிருந்தால், உயிருள்ள குதிரைக்காகப் பொறுத்திருக்க எவன் மனம் வைப்பான்? அந்தப் பொறுமையைத்தான் நான் வாக்களித்த வயது வரம்பு விதிக்கிறது. அமெரிக்காவில் 1955-ல் தொடங்கிய டெவிஸ் கோப்பைப் பந்தயத்தில் குதிரை ஒரே நாளில் 100 மைல் மலைவழியைக் கடக்கவேண்டும். ஆனால் 72 மாதம் நிரம்பாத குதிரைக்கு அங்கே இடமில்லை. 1972-ல் அந்நாட்டில் தோன்றிய நெடுந்தூரச் சவாரிச் சங்கம் 50 மைலுக்கும் அதற்கு மேலும் 60 மாதம் என்றும், குறைந்த தூரத்துக்கு 48 மாதம் என்றும் நிர்ணயித்திருக்கிறது. சர்வதேசப் போட்டிகளில் 160 கிலோமீட்டர் ஓட எட்டு வயதாகவேண்டும். இரண்டு மூன்று வயதிலேயே குதிரை வளர்ந்து முடிந்ததுபோல் தோன்றுவது கண்ணின் மயக்கமே. கணுக்காலை அடுத்த எலும்புகளின் வளர்ச்சி சீக்கிரம் நின்றுவிட, சவாரி செய்பவனின் பாரத்தைச் சுமக்கும் முதுகெலும்போ ஐந்து வயதை ஒட்டித்தான் முதிர்ச்சி அடைகிறது; மேலும் மூச்சும் தசையும் சில மாதப் பயிற்சியில் திடப்பட்டுவிடும், தசைநாரும் எலும்பும் உறுதிப்படவோ ஆண்டுகள் வேண்டும். ஓடத் துடிக்கும் குதிரைக்குத் தன் கால் இன்னும் முற்றவில்லை என்பது தெரியாது.

சென்ற ஞாயிறன்று ஆத்தூர்ப் பாலத்தருகே ஒரு குதிரை வண்டிக்காரர், செம்பழுப்பு நிறக் குதிரையொன்றின் கீழுதட்டைப் பெருவிரலால் அழுத்தி அதன் வாயை எனக்குக் காட்டினார். நடுவில் நான்கு பற்கள் அகன்று மஞ்சள் பாரித்திருந்தன. ஓரத்து இரண்டும் சோழிபோல் சிறுத்து வெளுத்த பாற்பற்கள்.

“நாலு பல்லுதான் அண்ணாச்சி. ஓரப் பல்லு விழுந்து முளைக்கட்டும். அதுக்கு முன்ன ஓட்டத்துக்கு விட்டா முதுகு போயிரும்.”

குதிரைக்குக் கீழ்வரிசை முன்பற்கள் ஆறு. நடு இரண்டு இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்தவை நாலரையிலும் விழுந்து முளைக்க, ஐந்து வயதில் வாய் நிரம்புகிறது. கடல்கடந்த சங்கத்தார் எழுதிவைத்த 60 மாதமும் இவர் விரலால் தொட்டுக்காட்டிய ஆறு பல்லும் ஒரே கணக்கு என்று உணர்ந்தபோது, பாலத்தின்மேல் பேருந்து போன ஓசைகூட என் செவியில் ஏறவில்லை.

நம் பக்கத்துக் குதிரை வண்டி எல்கைப் பந்தயங்களில் இந்தப் பல் கணக்கு எவ்வளவு தூரம் மதிக்கப்படுகிறது என்பதையும், நெடுந்தூரப் பந்தயங்களில் ஒவ்வொரு கட்டத்திலும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 64-க்கு இறங்கினாலொழிய மேலே ஓடவிடாத மருத்துவப் பரீட்சையையும் இவ்வாரமே எழுத எண்ணியிருந்தேன்; வஸ்ஸாஃப் இடத்தைப் பிடித்துக்கொண்டார். அவை அடுத்த வாரம். அந்தச் செம்பழுப்புக் குதிரை இப்போது கொள்ளு தின்றுகொண்டு நிற்கிறது; ஓரப் பற்கள் விழ இன்னும் ஆறு மாதமாகுமாம்.

(தொடரும்)