தனிமை வேறு, ஏகாந்தம் வேறு

தோட்டத்து வேலைகளுள் பால்மரம் சீவும் வேலையைப் போல ஒருவர் தனித்துச் செய்யும் வேலை மிகச் சிலவே. பிரட்டுக்களத்தில் அனைவரும் ஒன்றாக நிற்கின்றனர். பெயர் அழைத்து முடிந்ததும் அவரவர் நிரைக்குப் பிரிந்து செல்கின்றனர். பின்னர் பால் கொட்டகைக்கு மீளும் வரையில் தொழிலாளிக்குத் துணையாவன மரங்களும், கையிலுள்ள உளியும், தம் மனமும் மட்டுமே. நாள்தோறும் பல மணி நேரம் இவ்வாறு தனித்திருக்கும் ஒருவருக்கு அந்நேரம் நன்மை தருகிறதா, தீமை தருகிறதா என்பது சிறிய கேள்வி அன்று. அவருடைய உடல்நலமும் குடும்பமும் முதுமைக் காலமும் அதனைப் பொறுத்திருக்கின்றன.

இரண்டையும் பிரித்தறிதல்

தனித்திருத்தல் என்பது ஒரு நிலை; தனிமைத் துயர் என்பது ஓர் உணர்வு. இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவன அல்ல. நிரையில் தனித்து நிற்கும் ஒருவர் மன நிறைவோடு இருக்கலாம். திருவிழாக் கூட்டத்தின் நடுவே நிற்கும் மற்றொருவர், தம்மைக் கேட்பார் யாருமில்லை என்று உள்ளுக்குள் வாடலாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உலக மக்களில் ஆறு பேரில் ஒருவர் தனிமைத் துயருக்கு ஆளாகியுள்ளதாகக் கூறுகிறது. இருதய நோய், பக்கவாதம், மனச்சோர்வு ஆகியவற்றின் அபாயத்தை இத்துயர் கூட்டுகிறது என்றும் அது எச்சரிக்கிறது. ஆகவே, இதனை வேலையற்றவர்களின் கவலை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

நாமே விரும்பி, சிறிது நேரம் நம்மோடு நாம் இருப்பதை ஏகாந்தம் என்கிறோம். இதனை அறிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. தனித்திருந்து மீண்ட பின் மனைவி மக்களிடம் பேச மனம் விரும்புகிறதா? சினம் தணிந்திருக்கிறதா? அவ்வாறாயின் அது நல்ல தனிமை. மாறாக, பழைய பூசலையே திரும்பத் திரும்ப எண்ணிக் கசந்து, மனிதர் முகத்தைக் காணவும் வெறுப்புத் தோன்றினால், அது நம்மை அரிக்கும் தனிமை. இந்தக் கசப்பை மறக்கவே சிலர் சம்சுப் போத்தலை நாடுகின்றனர். போதை தெளிந்ததும் கசப்பு அங்கேயே இருக்கிறது. கைப்பணம் மட்டுமே இருப்பதில்லை.

மரம் கற்பிக்கும் பாடம்

பொழுது புலருமுன் மரம் சீவுவது ஏன் என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். இரவின் குளிர்ச்சியில் மரம் நீரை நிறைத்துக்கொள்கிறது. பட்டையிலுள்ள பால் குழாய்களில் அழுத்தம் உயர்ந்து பால் தாராளமாக வடிகிறது. வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் குறைகிறது. சீவிய மரத்திற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஓய்வும் தேவை. ஓய்வின்றி அளவுக்கு மீறிச் சீவினால் பட்டை வறண்டு, பால் நின்றுவிடும். அந்த ஓய்வு நாள்களில் மரம் சும்மா இருப்பதில்லை. இழந்த பாலை உள்ளே மீண்டும் உண்டாக்குகிறது.

மனித மனமும் இத்தகையதே. சீவி முடித்துப் பால் வடியும் வரையில் காத்திருக்கும் நேரம் நமக்குக் கிடைத்த ஓய்வு நேரமாகும். அந்நேரம் முழுவதையும் கைத்தொலைபேசித் திரைக்கே கொடுத்துவிட வேண்டியதில்லை. அமைதியாக அமர்ந்து, அன்றைய நாளையும் நாளைய நாளையும் எண்ணிப் பார்க்கலாம்.

இங்குப் பெண் தொழிலாளர்களைப் பற்றித் தனியே கூற வேண்டும். விடியுமுன் எழுந்து சமைத்து, வேலை முடிந்து வந்து துவைத்து, பிள்ளைகளைக் கவனிக்கும் தாய்மார்கள் பலருக்கு நிரையில் கிடைக்கும் அமைதியைத் தவிர வேறு ஓய்வே இல்லை. மாலையில் அரை மணி நேரம் அவர்கள் தமக்கென இருக்கும்படி வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வது கணவன்மார்களின் கடமையாகும்.

நோக்கம் உள்ள தனிமை

தனித்திருக்கும் மனத்திற்கு ஒரு நோக்கம் வேண்டும். நம் தொழிலின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற எச். என். ரிட்லி, பட்டையை மெல்லியதாகச் சீவினால் மரத்துக்குக் கேடின்றி மீண்டும் மீண்டும் பால் எடுக்கலாம் என்று கண்டறிந்தார். காப்பியையே நம்பியிருந்த துரைமார்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை; 'கிறுக்கு ரிட்லி' என்று நகைத்தனர். அவரோ விதைகளைச் சட்டைப் பையில் சுமந்து சென்று, நடும்படி வேண்டிக்கொண்டே இருந்தார். 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். அதன் பின்னரே நிலைமை மாறியது. ஏளனத்தின் நடுவே அவரைத் தளராது நிறுத்தியது அவருடைய நோக்கமே. அந்த நோக்கத்தை நாடெங்கும் விளைவித்தவை நம் பாட்டன் பாட்டியரின் கைகள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

எல்லாருக்கும் இத்துணைப் பெரிய நோக்கம் வேண்டும் என்பதில்லை. 'நாளை நான் இதனைச் செய்யாவிட்டால் யாருக்குக் குறை ஏற்படும்?' என்று கேட்டுப் பாருங்கள். விடையாக ஒரு பெயர் கிடைத்தால், அதுவே நோக்கம்.

ஓய்வு பெற்றவர்களுக்கு இக்கேள்வி மிகவும் தேவை. வேலையிலிருந்து விலகிய பின்னரும் விடியுமுன் எழுந்து, செய்வதற்கு ஒன்றுமின்றிப் பிரட்டுக்களத்தைப் பார்த்து அமர்ந்திருக்கும் முதியவர்களை நாம் தோட்டங்களில் கண்டிருக்கிறோம். பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பிள்ளைகள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். லயத்து அண்டை அயலாரும் தாமான் வீடுகளுக்குச் சிதறிவிட்டனர். நாற்பது ஆண்டுகள் ஒரு கடமைக்காக எழுந்தவருக்கு, எழுவதற்கே காரணம் இல்லாமற்போவது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது இரக்கம் மட்டுமன்று, ஒரு பொறுப்புமாகும்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவதாக, நாள்தோறும் கால் மணி நேரமேனும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் இன்றித் தனித்திருந்து பழகுங்கள்.

இரண்டாவதாக, வளரும் பொருள் ஒன்றைப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி கீரையாயினும் சரி, பேரப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக் கற்பித்தலாயினும் சரி, அது நாளையும் உங்களை எதிர்பார்த்திருக்கும்.

மூன்றாவதாக, வாரம் ஒருமுறை தனித்திருக்கும் ஒருவரைச் சென்று பாருங்கள். கோயில் நிருவாகமும் இளைஞர் மன்றமும் முதியவர்களுக்குச் சிறு பணிகளைப் பெயர் குறித்து ஒப்படைக்கலாம். அடுத்த நிரையில் சீவுபவர் வேற்று நாட்டவராயின், அவருக்கும் வீட்டு நினைவு உண்டு. ஒரு வாய்த் தேநீர் கொடுத்து நலம் விசாரிக்க மொழி தடையாகாது.

நான்காவதாக, உறக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் குன்றியிருந்தாலோ, உயிர் வாழ்வதே வீண் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலோ, அதனை மறைத்து வைக்காதீர்கள். அது நோயின் அறிகுறியேயன்றிக் கோழைத்தனமன்று. அரசாங்கச் சுகாதார கிளினிக்கை உடனே நாடுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுடனும் தொடர்புகொள்ளலாம்.

நிரையில் தனித்து நின்று வேலை செய்யும் ஆற்றல் உங்களிடம் முன்னரே உள்ளது. யாருக்காக அங்கு நிற்கிறோம் என்பதையும் அறிந்துகொண்டால், அந்தத் தனிமை நமக்கு ஒருபோதும் சுமையாகாது.