பேஸ்பாலுக்கு அப்பா யாரு?

ஹாஸ்டல் டி.வி. ரூம்ல இந்த டயலாக்கை நீங்களும் கேட்டிருப்பீங்க. சேனல் மாத்தும்போது தப்பித்தவறி பேஸ்பால் வந்துட்டா போதும், பின்வரிசையிலேர்ந்து ஒரு குரல் வரும்: "கிரிக்கெட்டைப் பார்த்து காப்பி அடிச்ச கேம் மச்சி இது!" நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நம்பிட்டிருந்தேன். செமஸ்டர் லீவுல கொஞ்சம் தோண்டிப் பார்த்தா... காப்பி எல்லாம் இல்ல பாஸ். அதைவிடப் பெரிய கூத்தே நடந்திருக்கு!

கூத்தின் ஹீரோக்கள் ரெண்டு பேர். ஒருத்தர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, சின்ன வயசுலயே அமெரிக்காவுக்குப் போனவர். கிரிக்கெட் நிருபரா இருந்து பேஸ்பால் பக்கம் தாவினவர். கிரிக்கெட் ஸ்கோர்கார்டைப் பார்த்துப் பழகின கையாச்சே... பேஸ்பாலுக்கும் அதே மாதிரி 'பாக்ஸ் ஸ்கோர்' போட்டு பிரபலமாக்கினார். இங்கிலாந்துப் பசங்க ஆடுற 'ரவுண்டர்ஸ்' விளையாட்டுதான் வளர்ந்து பேஸ்பால் ஆச்சு என்பது இவர் கட்சி.

இன்னொருத்தர் ஆல்பர்ட் ஸ்பால்டிங். பழைய பிட்சர், பெரிய விளையாட்டுப் பொருள் கம்பெனியின் முதலாளி. அமெரிக்காவின் பெருமையை இங்கிலாந்து கணக்கில் எழுதறதான்னு இவருக்கு சுர்ருனு ஏறிடுச்சு. விளைவு, 1905-ல் ஒரு கமிஷன்! தலைவர் பெயர் மில்ஸ்.

கமிஷனுக்குக் கிடைத்த முக்கிய 'ஆதாரம்' என்ன தெரியுமா? அப்னர் கிரேவ்ஸ் என்கிற பெரியவர் எழுதின கடிதம். 1839 வாக்கில், நியூயார்க் மாகாணத்தின் கூப்பர்ஸ்டவுன் என்கிற சின்ன ஊரில், அப்னர் டபுள்டே என்பவர் பேஸ்பாலை உருவாக்கினதைத் தான் பார்த்ததா சொன்னார். டபுள்டே பின்னாளில் உள்நாட்டுப் போரில் பேர் வாங்கின தளபதி. சோ, கதை சூப்பரா செட் ஆச்சு. 1907 டிசம்பரில் கமிஷன் அதையே தீர்ப்பா சொல்லிடுச்சு.

இப்போ ஓட்டைகளைப் பாருங்க. 1839-ல் கிரேவ்ஸுக்கு வயசு அஞ்சு. டபுள்டே அந்த வருஷம் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் மாணவர். 1893-ல் சாகிற வரைக்கும், பேஸ்பாலை நான்தான் கண்டுபிடிச்சேன்னு அவர் எங்கேயும் எழுதி வைக்கலை. அட, கமிஷன் தலைவர் மில்ஸே டபுள்டேயின் நண்பர்தான்! (கடிதம் எழுதின கிரேவ்ஸ் ஒரு மைனிங் இன்ஜினீயர் என்பதை, நம்ம இனத்தின் மானம் கருதி அடைப்புக்குறிக்குள்ள சொல்லிக்கிறேன்.)

சரி, நிஜம் என்ன? 1744-ல் லண்டனில் ஜான் நியூபெரி வெளியிட்ட குழந்தைகள் புத்தகத்தில் 'பேஸ்-பால்'னு தலைப்பு போட்டு, படமும் குட்டிப் பாட்டும் இருக்கு. 1749-ல் இங்கிலாந்து இளவரசர் ஃபிரெடெரிக்கே சர்ரே பகுதியில் இதை ஆடினதா அன்றைய பத்திரிகைச் செய்தி சொல்லுது. அவர் பயங்கர கிரிக்கெட் பைத்தியமும்கூட! ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் ஆபி' நாவலின் கதாநாயகி சின்ன வயசுல கிரிக்கெட், பேஸ்பால் ரெண்டுமே ஆடுகிறவள். ஆக, இங்கிலாந்தில் ரெண்டும் பக்கத்துப் பக்கத்து மைதானத்தில் வளர்ந்திருக்கு. கிரிக்கெட்டுக்கு முதன்முதலா விதிகள் எழுதப்பட்டதும் அதே 1744-லதான்.

வயசுல கிரிக்கெட் மூத்தது. 1598-ம் வருஷ கில்ஃபோர்ட் கோர்ட் சாட்சியத்திலேயே அதன் பேர் வந்தாச்சு. ஆனா ரெண்டு ஸ்டம்புக்கு நடுவுல ஓடற வழி வேற, சுத்திச் சுத்தி பேஸ் தொட்டு வர்ற வழி வேற. அதனால அப்பா-பையன் உறவு இல்லை. பெரியப்பா-சித்தப்பா பசங்கன்னு வேணா வெச்சுக்கலாம். சாட்விக் சொன்னதும் முழுசா சரியில்லை. 'ரவுண்டர்ஸ்' என்கிற பேர் அச்சில் வர்றதே 1828-லதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆதாரம் அமெரிக்காவின் பிட்ஸ்ஃபீல்ட் ஊரில் 1791-ல் போட்ட உத்தரவு. புதுசா கட்டின மன்றக் கட்டடத்திலிருந்து 80 கெஜத்துக்குள்ள பந்து விளையாடக் கூடாது! ஏன்? ஜன்னல் கண்ணாடி உடையுதாம். நம்ம தெரு பஞ்சாயத்தேதான்! தடை லிஸ்டில் கிரிக்கெட், பேஸ்பால் ரெண்டும் ஒண்ணா நிக்குது. டபுள்டே பிறக்கறதுக்கு 28 வருஷம் முன்னாடி.

அமெரிக்காவில் கிரிக்கெட்டும் லேசுப்பட்டதா இல்லை. உலகின் முதல் சர்வதேச கிரிக்கெட் மேட்ச் 1844-ல் நியூயார்க்கில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும்தான் நடந்தது. அடுத்த வருஷம் அதே ஊரின் நிக்கர்பாக்கர் கிளப் பேஸ்பாலுக்கு விதி எழுதினது. அதுவரைக்கும் ஓடறவன் முதுகுல பந்தை எறிஞ்சு அவுட் ஆக்குற வழக்கம் இருந்தது. ரப்பர் பந்தால நாமளும் அடி வாங்கியிருக்கோமே, அதேதான். கிளப் அதைத் தடை பண்ணிச்சு. முதுகு தப்பிச்சதும், பந்தைத் தைரியமா கெட்டியா செய்ய முடிஞ்சது. அடிச்சா எங்கேயோ போய் விழும். ஆட்டத்தின் முகமே மாறிடுச்சு. கண்டுபிடிப்புன்னு ஒண்ணைச் சொல்லணும்னா, நான் இதைத்தான் சொல்வேன்.

1869-ல் வெளிப்படையா சம்பளம் கொடுத்து ஆடவெச்ச முதல் பேஸ்பால் டீம் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். அதை நடத்தின ஹாரி ரைட், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்த கிரிக்கெட் வீரர்!

டபுள்டே கதையை நம்பி, 'நூற்றாண்டு' கணக்குப் பார்த்து, 1939-ல் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் புகழ் மண்டபத்தைத் திறந்தாங்க. அந்த ஊர் மைதானத்துக்கு இன்னிக்கும் டபுள்டே பேர்தான். ஆனா மண்டபத்தில் கௌரவிக்கப்பட்டவங்க பட்டியலில் அவர் இல்லை. அந்த கிரிக்கெட் நிருபர் சாட்விக் இருக்கார்.