ஆஞ்சியோ மேசையில் எடுக்க வேண்டாத முடிவு

“எண்பது சதவீத அடைப்பு இருக்கிறது. இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா?” ஆஞ்சியோ அறைக்கு வெளியே நிற்கும் குடும்பத்தாரிடம் இந்தக் கேள்வி வரும். நோயாளி உள்ளே மேசையில் படுத்திருப்பார். பயத்தில் பெரும்பாலோர் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வந்திருப்பது மாரடைப்பு என்றால் அது நல்ல முடிவு. மாரடைப்பு இல்லையென்றால், பெரும்பாலும் யோசிக்க நேரம் இருக்கிறது. யோசிக்கும் உரிமையும் இருக்கிறது.

மாரடைப்பில் தயங்கக் கூடாது

ரத்தக் குழாயில் படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழி அடைபட்டால் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகத் தொடங்குகிறது. அப்போது அடைப்பை உடனே திறப்பது உயிரைக் காக்கும். நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் எதையும் ‘வாயுப் பிடிப்பு’ என்று தள்ளிவிடாமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி தெரியாமலேயே மாரடைப்பு வரலாம்.

தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்துச் சிகிச்சை தந்து பார்த்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் ஆகிய முதலுதவி மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

நிலையான நெஞ்சுவலி வேறு கதை

மாடி ஏறினால் வலி, நின்றால் போய்விடுகிறது, பல மாதங்களாக இப்படியே இருக்கிறது என்றால் அது நிலையான நெஞ்சுவலி. இப்படிப்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2007-இல் வெளியான ‘கரேஜ்’ ஆய்வு, நல்ல மருந்துகளோடு ஸ்டென்டையும் சேர்த்தால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை என்று கண்டது. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது. காரணம் எளிது: ஸ்டென்ட் ஓரிடத்தை மட்டும் விரிக்கிறது. அடுத்த மாரடைப்பு வேறோர் இடத்திலிருந்தும் வரலாம். மருந்து எல்லாக் குழாய்களிலும் வேலை செய்கிறது.

அதற்காக ஸ்டென்ட் வீண் என்று ஆகாது. வலி அடிக்கடி வருபவர்களுக்கு அது நிம்மதி தருகிறது. 2023-இன் ‘ஆர்பிட்டா-2’ ஆய்வும் இதை உறுதி செய்தது. இடது பிரதான குழாயில் அடைப்பு, மிகவும் பலவீனமான இதயம், புதிதாக வந்த அல்லது நாளுக்கு நாள் கூடும் வலி, ஓய்விலும் வரும் வலி ஆகியவற்றுக்கு மேற்சொன்ன முடிவுகள் பொருந்தா. அங்கே மருத்துவர் அவசரப்படுத்துவதில் நியாயம் உண்டு.

சட்டம் என்ன தருகிறது?

* பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு ஆபத்தான நிலை மட்டுமே விதிவிலக்கு. ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே படிவத்தில் முன்கூட்டியே சம்மதம் வாங்கலாம். எனவே படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.
* ஆஞ்சியோ பதிவையும் அறிக்கையையும் கேட்டு வாங்கி, வேறு இதய மருத்துவரிடம் காட்டலாம். மருத்துவப் பதிவுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைகள்.
* ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் உச்ச விலை வந்தது. ஒரு லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கும், பூசாதது 7,260 ரூபாய்க்கும் இறங்கின. இந்த விலை அவ்வப்போது மாற்றப்படுகிறது. அன்றைய விலையை விசாரியுங்கள். பில்லில் ஸ்டென்டின் விலை, பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண் தனியே இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் கேளுங்கள்

இது மாரடைப்பா, நிலையான வலியா? இப்போது ஸ்டென்ட் வைத்தால் என் ஆயுள் கூடுமா, வலி குறையுமா? மருந்தை மட்டும் சில மாதம் எடுத்துப் பார்க்கலாமா? பைபாஸ் பொருத்தமா? மொத்தச் செலவு எவ்வளவு, முதலமைச்சர் காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும்?

ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து உயிருக்கு ஆபத்தாகலாம். பல் பிடுங்குவதானாலும் முதலில் இதய மருத்துவரைக் கேளுங்கள்.

தவறு நடந்தால்

முதலில் மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். கூடுதல் விலை வாங்கியிருந்தால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்திடமும், மருத்துவரின் நடத்தை பற்றியென்றால் மாநில மருத்துவக் கவுன்சிலிடமும் புகார் தரலாம். இழப்பீடு கோர மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915.

புகார் வரை போகாமலிருக்க ஒரு வழி உண்டு. ஆஞ்சியோவுக்கு முந்தைய நாளே மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவசர நிலை இல்லையென்றால் முதலில் பரிசோதனை மட்டும், ஸ்டென்ட் பற்றிய முடிவு கலந்து பேசிய பிறகு என்று படிவத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். வீட்டாருக்கும் அதைச் சொல்லி வையுங்கள்.