எவர்சில்வரும் துருப்பிடிக்குமா?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதிலுள்ள குரோமியம் மேலே உண்டாக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான். ஆனால் 304 ரகம் மிருது, உரசினால் தேயும். சரி, நைட்ரைடிங் பண்ணிடலாமே என்று தோணும். கடினம் 1000 விக்கர்ஸைத் தாண்டும், வாஸ்தவம். வினையும் அங்கேதான்! 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் நைட்ரஜன் குரோமியத்தைப் பிடித்து நைட்ரைடாக்கிவிடும். அப்புறம் படலத்துக்குக் குரோமியம் ஏது? பம்ப் ஷாஃப்ட் தேயாது, துருப்பிடிக்கும். அதனால் டிராயிங்கில் வெறும் ‘நைட்ரைடிங்’ என்று எழுதினால் போதாது, வெப்பநிலையையும் எழுதணும் என்பேன் நான். பிளாஸ்மா முறையில் 400 டிகிரி வாக்கில் செய்தால் குரோமியம் நகராது. நைட்ரஜன் மட்டும் அணுக்களின் இடைவெளியில் புகுந்து தங்கும். கடினமும் கிடைக்கும், துரு எதிர்ப்பும் போகாது. 1985-இல் ஜாங், பெல் இருவரும் இதைக் கட்டுரையாக்கினார்கள். என்ன, பல மணி நேரம் காத்தாலும் கிடைப்பது சில மைக்ரான் கனம்தான்.