டைமிங் பெல்ட்: மலிவாக வாங்குங்கள், பில்லோடு வாங்குங்கள்

ஓடிக்கொண்டிருந்த கார் சட்டென்று நின்றுவிடுகிறது. கயிறு கட்டி இழுத்து வந்து மூடியைக் கழற்றினால் டைமிங் பெல்ட் அறுந்து கிடக்கிறது. மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. “பெல்ட்ல ஒரு குறையும் இல்ல சார், மாட்டினவர் டென்ஷன் சரியா வைக்கல” என்கிறார் ஸ்பேர்ஸ் கடைக்காரர். “நீங்க வாங்கிக் கொடுத்தது டூப்ளிகேட் பெல்ட்ணே, அதுக்கு நான் என்ன பண்ண?” என்கிறார் மெக்கானிக். இருவரில் ஒருவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் வண்டிக்காரரிடம் கடை பில் கிடையாது, கூலிக்கு ரசீது கிடையாது, பெல்ட் வந்த அட்டைப்பெட்டி குப்பைக்குப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. கடைசியில் எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கிற செலவு முழுதும் அவர் தலையில் விழுகிறது.

பொருளைக் கடையில் நாமே வாங்கி, கூலியை மட்டும் வெளி மெக்கானிக்குக் கொடுப்பது நம் ஊரில் செலவைக் குறைக்கும் பழைய வழி. நல்ல வழியும்கூட. கம்பெனி சர்வீஸுக்குப் போகாததால் எந்த உரிமையும் பறிபோய்விடாது. கையில் காகிதம் இல்லாமல் அந்த வழியில் இறங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

முதலில் இந்தப் பெல்ட்டுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று பார்த்துவிடலாம். எஞ்சினுக்குள் கீழே பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் மிகச்சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு வழியை விட்டு விலகியிருக்க வேண்டும். இந்த ஒழுங்கைக் காப்பது உள்பக்கம் பற்கள் வைத்த, கண்ணாடி இழை நாண்கள் ஓடும் ஒரு ரப்பர் பட்டை. அது அறுந்தாலோ, இரண்டு மூன்று பல் தாண்டிவிட்டாலோ, திறந்து நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் மோதும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனும் அடிவாங்கும். டீசல் எஞ்சின்களில் இது ஏறக்குறைய நிச்சயம். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஹெட்டைக் கழற்றி இறக்கும்போது பல பத்தாயிரம் ஆகிவிடுகிறது. முன்னறிவிப்பும் பெரும்பாலும் கிடைக்காது. பிரேக் தேய்ந்தால் கிறீச்சிடும். இது சத்தமே போடாமல் அறும்.

எல்லாக் கார்களிலும் பெல்ட் கிடையாது. மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் எஞ்சின்களிலும், ஸ்விஃப்ட்டில் வந்த 1.3 லிட்டர் டீசலிலும் இருப்பது செயின். பழைய மாருதி 800, பழைய சான்ட்ரோ, இண்டிகா டீசல், 2.5 லிட்டர் இன்னோவா, டஸ்டரின் 1.5 டீசல், போலோ டீசல், ஈகோஸ்போர்ட் டீசல் எல்லாம் பெல்ட் வண்டிகள். உங்கள் வண்டியில் எது என்பதும், எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை ஆண்டில் மாற்ற வேண்டும் என்பதும் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ‘என் வண்டி வீட்டிலேயேதானே நிற்கிறது’ என்று ஆண்டுக் கணக்கை விடுகிறவர்கள் அதிகம். நின்றாலும் ரப்பருக்கு வயதாகும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இங்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். 2.5 லிட்டர் இன்னோவாவின் டேஷ்போர்டில் ‘டி-பெல்ட்’ என்று ஒரு விளக்கு உண்டு. ஒரு லட்சம் கிலோமீட்டர் என்பது அந்த வண்டிக்காரர்களுக்குப் பழகிய கணக்கு. மாற்றும் காலம் வந்துவிட்டது என்று விளக்கு எரியும். பெல்ட்டைத் தொடாமலே அந்த விளக்கை அணைத்துவிட முடியும். அது எண்ணுவது ஓடிய தூரத்தை மட்டுமே, பெல்ட்டின் நிலையை அல்ல. மீட்டரையே பின்னுக்குத் தள்ளி விற்கிற ஊரில், விளக்கு எரியவில்லை என்பது எதற்கும் சாட்சியாகாது. ‘பெல்ட் போன வருஷம்தான் மாத்தினோம்’ என்று விற்பவர் சொன்னால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் வண்டி எண்ணும் கிலோமீட்டரும் இருக்க வேண்டும். இல்லையா, மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இனி வாங்குவது. எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது என்று இரண்டு கேள்வி. பெல்ட்டை மட்டும் மாற்றி, டென்ஷனரையும் ஐட்லரையும் பழசாகவே விட்டு வைப்பது கஞ்சத்தனத்தில் சேராது, நஷ்டக் கணக்கில் சேரும். அந்தச் சின்ன உருளைகளின் பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டையும் தின்றுவிடும். பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. பம்ப் ஒழுகினால் மறுபடி மொத்தத்தையும் கழற்ற வேண்டும், மறுபடி கூலி. ஆகவே கிட்டாக வாங்குங்கள். கேம் சீல், கிராங்க் சீல் ஒழுகுகிறதா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஆயில் பட்ட பெல்ட் நெடுநாள் நிற்காது. (ஈகோஸ்போர்ட்டின் ஈகோபூஸ்ட் எஞ்சினில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. அதற்குரிய பெல்ட் வேறு; அதில் தவறான ஆயிலை ஊற்றினாலே பெல்ட் கெட்டுவிடும்.)

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பெட்டியின் மேல் இருக்கும் பெயர். கார் கம்பெனிகள் பெல்ட் செய்வதில்லை. கேட்ஸ், கான்டிடெக், டேகோ போன்ற பெல்ட் கம்பெனிகளிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. அதே நிறுவனங்களின் கிட் அவற்றின் சொந்தப் பெட்டியில் வெளிக்கடையில் கிடைக்கும், பெரும்பாலும் விலை குறைவாக. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்துச் சரியான பார்ட் நம்பரைக் கேட்டுக்கொண்டு, அந்த நம்பருக்கு இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு எஞ்சின் மாறியிருக்கும். மாடல் பெயரைச் சொல்லி வாங்கினால் தப்பான பெல்ட் வரலாம். 2021இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தபோது ஈகோஸ்போர்ட்காரர்கள் பதறினார்கள். பெல்ட் போன்ற தேய்கிற பாகங்களைப் பொறுத்தவரை, பார்ட் நம்பர் தெரிந்தவருக்கு வெளிச்சந்தை இருக்கிறது.

இந்த வெளிச்சந்தை ஒரு சலுகையல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளியாருக்குக் கிடைக்கவிடாமல் கட்டுப்படுத்தியதாக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்து, பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யுமாறு உத்தரவிட்டது. நிறுவனங்கள் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று போனது தனிக்கதை. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஓர் இணையதளம் திறந்தபோது, அதில் சேர்த்த துறைகளில் வாகனமும் ஒன்று. ‘வெளியில் மாற்றினால் வாரன்டி போய்விடும்’ என்ற பயமுறுத்தலும் இந்த விஷயத்தில் பெரிதாகச் செல்லாது. பெல்ட் மாற்றும் காலம் வருவதற்குள் பெரும்பாலான கார்களின் வாரன்டி தானாகவே முடிந்திருக்கும்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுப் பாகங்கள், புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் பாகங்கள். கதவு, கண்ணாடி, லைட் என்றால் புதுப்பேட்டைக்குப் போகலாம். டைமிங் பெல்ட்டையும் டென்ஷனரையும் மட்டும் பழசாக வாங்கவே கூடாது. புதிதில் போலியைக் கண்டுபிடிக்கப் பெட்டியைப் படியுங்கள்: தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் எண் ஆகியவை சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணும் பெட்டி எண்ணும் பொருந்த வேண்டும். விரலால் தேய்த்தால் எழுத்து கரையக்கூடாது. நாலாக மடித்துத் திணித்த பெல்ட், அசலே ஆனாலும், வேண்டாம். மடிப்பில் உள்ளிழை உடைந்திருக்கும், வெளியே தெரியாது. அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள சட்டமுறை எடையளவு அதிகாரிகளிடம் புகார் செய்யலாம். வரி விஷயத்தில் ஒன்று: 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே விகிதமாக 18 சதவீத ஜி.எஸ்.டி.தான். யாராவது 28 போட்டால் கேளுங்கள்.

மாட்டும்போது கூடவே நில்லுங்கள், முடிந்தால். பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் கிராங்கிலும் கேமிலும் உள்ள குறிகளை நேராக்குவார்கள். புதியதைப் போட்டபின் சாவியைத் திருகுவதற்கு முன், ஸ்பேனர் வைத்துக் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு சுற்று முடிந்து குறிகள் மறுபடி நேராக வந்தால் சரி. நடுவில் ஏதாவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம், வால்வுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இந்த இரண்டு சுற்றைச் சோம்பல்படாமல் செய்பவர் நல்ல மெக்கானிக்.

வேலை முடிந்ததும் பழைய பெல்ட், டென்ஷனர், புதுப் பெட்டி எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். கூலி ரசீதில் வண்டி எண், தேதி, கிலோமீட்டர், மாட்டிய பாகத்தின் பார்ட் நம்பர், கடை பில் எண் இவ்வளவும் எழுதச் சொல்லுங்கள். இதுதான் கடையையும் மெக்கானிக்கையும் இணைக்கிற ஒரே கயிறு. பில் தராமல் இருப்பதையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சடித்துவிட்டுக் குறையுள்ள பொருளைத் தட்டிக் கழிக்கவும் முடியாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அதே வகைக் குற்றச்சாட்டுக்கு உரியது.

பெல்ட் அறுந்தேவிட்டால் இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். இயந்திரக் கோளாறும் தேய்மானமும் வழக்கமான பாலிசியில் விலக்கப்பட்டவை. வண்டியைப் பிரிப்பதற்கு முன் படம் எடுங்கள். அறுந்த பெல்ட்டை உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பாகத்தைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அனுப்ப ஏதாவது இருக்க வேண்டுமே. பிறகு கடைக்கும் மெக்கானிக்குக்கும் எழுத்தில் நோட்டீஸ். இருவரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்குங்கள், யார் மேல் தவறு என்பதை ஆணையம் பார்த்துக்கொள்ளும். போலிப் பெல்ட்டைச் செய்தவர் யாரென்றே தெரியாவிட்டால், விற்ற கடைக்காரரையே பொறுப்பாக்கப் பொருள் பொறுப்பு பற்றிய சட்டப்பகுதி இடம் தருகிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சில தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள், வக்கீல் இல்லாமலும் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும். இடையில் கோபத்தில் கூலி தராமல் வண்டியை எடுத்து வரப் பார்க்காதீர்கள். வேலை பார்த்தவர் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே அனுமதிக்கிறது. ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை மீட்டு, அதன்பின் வழக்காடுவதே புத்திசாலித்தனம்.

கால் டாக்சி ஓட்டுகிறவர்கள், ‘நமக்கு இதெல்லாம் செல்லாது, வணிக வண்டி’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பல வண்டிகளை ஆள் வைத்து ஓட்டும் முதலாளிக்குத்தான் அந்தச் சிக்கல். ஒரு வண்டியை வாங்கிப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். எதிர்த்தரப்பு முதலில் கிளப்பும் ஆட்சேபணை அதுவாகத்தான் இருக்கும்.